அரைக்கண் போதும்

பிப்ரவரி பிறந்தால் ஜப்பானுக்குக் குடிவந்த தமிழ் அப்பாக்களுக்கு ஒரு சோதனை. 3ஆம் தேதியை ஒட்டி செட்சுபுன், தீயதை விரட்டும் சடங்கு. பாலர் பள்ளியிலிருந்து பிள்ளை கொம்பு ஒட்டிய ஓனி (பூதம்) முகமூடியோடு வந்து நிற்கும். அதை அப்பா மாட்டிக்கொள்ள வேண்டும். "ஓனி வா சொதோ", அதாவது "பூதமே வெளியே போ" என்று கத்திக்கொண்டு குடும்பமே வறுத்த சோயாவை அவர்மேல் வீசும். அடி வலிக்காது. ஆனால் ஒரு மணி அரிசி சிந்தினாலும் பொறுக்கச் சொல்லும் பாட்டிகளிடம் வளர்ந்த அம்மாக்களுக்கு, தரையில் உருளும் பயறைப் பார்த்து வயிறு எரியும்.

நாமே முகமூடி செய்து பார்க்கும் ஆசை அந்த அட்டையில் பிடிக்கும். நோ என்பது ஜப்பானின் பழைய முகமூடி நாடகம்; டோக்கியோ செந்தகாயாவில் 1983இல் திறந்த தேசிய நோ அரங்கின் வாசலை மிதித்தால் அந்த ஆசை முற்றிவிடும். அசல் நோ முகமூடியை ஹினோகி என்ற சைப்ரஸ் மரத்தில் குடைந்து, சிப்பிச் சுண்ணத்தை வஜ்ஜிரப் பசையில் கலந்து பூசுவார்கள். வீட்டில் உளி வேண்டாம், காகிதமே போதும். உருண்டையான தருமா அதிர்ஷ்ட பொம்மைகளை இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். கொலுப்படியில் காகிதக்கூழ் பொம்மை பார்த்தவர்களுக்கு இது அந்நியமே அல்ல.

எந்த முகம்? பலரும் பாய்வது கொம்பும் கோரைப்பல்லுமான ஹன்யா என்ற பெண்பேய் முகத்தின் மீது. திருஷ்டி பொம்மைக்கு அக்கா மாதிரி இருக்கும். வீடியோ அழைப்பில் பார்க்கும் மாமியார் "வாசலில் கட்டிவிடு" என்பார். ஆனால் காகிதக் கொம்பு சீக்கிரம் ஒடியும். இளம்பெண் முகமான கோ-ஓமோதேயில் தொடங்குங்கள்.

பலகையில் எண்ணெய்க் களிமண்ணால் உயரம் 21, அகலம் 13.5, மூக்கு நுனியில் 7 செ.மீ. வரை உயர்த்தி அச்சு செய்யுங்கள். முகத்தைவிடச் சிறியதாகத் தெரியும், அளவு அதுதான். நடிகரின் தாடை கீழே தெரியத்தான் செய்யும். மூக்குத் துளையிலும் கீழுதட்டின் அடியிலும் உள்வளைவு விட்டால் காகிதம் அங்கே பூட்டிக்கொண்டு, கழற்றும்போது கிழியும். அந்த இடங்களைச் சரிவாக்கி, சமையலறைப் பிளாஸ்டிக் மெல்லுறையால் அச்சை மூடுங்கள்.

பசைக்கு 40 கிராம் மைதா, 250 மி.லி. தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி, ஆறியபின் ஒரு கரண்டி மரப்பசை. ஊரில் சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூஞ்சையும் பூச்சியும் அண்டாது. பிள்ளை நடமாடும் வீட்டில் அந்த நஞ்சு வேண்டாம். அதற்குப் பதில், ஜூன் மழைக்காலத்தில் இந்த வேலையையே தொடாதீர்கள்.

முதல் அடுக்கு வெறும் ஈரக்காகிதம். பிறகு பசை தடவிய செய்தித்தாளும் எழுத்துப் பயிற்சிக்கான ஹன்ஷி தாளும் மாறி மாறி எட்டு அடுக்கு. நிறம் மாறுவதால் விட்டுப்போன இடம் உடனே தெரியும். கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், பிசிறான ஓரம் தடம் காட்டாது. நாளுக்கு இரண்டு அடுக்குக்குமேல் போனால் உள்ளே ஈரம் தங்கும். அவசரப்பட்டுக் கழற்றினால் காயும்போது நெற்றியும் தாடையும் உள்வளையும்.

பூச்சு: சுண்ணப்பொடி, மரப்பசை, தண்ணீர். நீர்மோர் பதம். மெல்லிதாக ஆறு முறை. மேலே போகப்போகப் பசை குறைய வேண்டும். மேல்பூச்சு வலுவாக இருந்தால் அது சுருங்கி அடிப்பூச்சைப் பெயர்த்துவிடும். 240, பிறகு 400 எண் உப்புத்தாள். வெறும் வெள்ளை பிணக்களை தட்டும்; மஞ்சள் காவி சிட்டிகை, சிவப்பு ஒரு பொட்டு சேர்த்துப் பஞ்சால் ஒற்றுங்கள். புருவம் நெற்றி உச்சியில், மேற்பல் கறுப்பு, முடியிழை பக்கத்துக்கு மூன்று, ஒன்றையொன்று வெட்டாமல்.

கண்தான் நம் கைக்கு வராதது. பொம்மை என்றால் கடைசியில் கண் திறப்பது நம் வழக்கம். மையிட்டு, விழி உருட்டி, சாமி பார்க்கிறது என்று சொல்ல வைக்காமல் விட மாட்டோம். இங்கே அதைச் செய்தால் முகமூடி செத்தது. கருவிழி இருக்குமிடத்தில் சின்னச் சதுரத் துளை மட்டும். மேலிமை சற்று முன்தள்ளி இருக்கட்டும். உதட்டோரம் மயிரிழை அளவு உயரட்டும். மேலே விளக்கிட்டு முகத்தைக் கவிழ்த்தால் இமையின் நிழல் விழுந்து அவள் அழுவாள். நிமிர்த்தினால் புன்னகை. கவிழ்ப்பது குமோரசு, நிமிர்ப்பது தெரசு. விழியைப் பெரிதாக எழுதிவிட்டால் எப்படிச் சாய்த்தாலும் ஒரே முறைப்புதான்.

முடித்ததைச் செருப்பு அலமாரி மேல் வைக்காதீர்கள். நோ நடிகர்கள் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த அறையில் முகமூடியை வணங்கிய பிறகே அணிகிறார்கள். தஞ்சைப் பக்கத்து மெலட்டூரின் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை நடப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரகலாதன் அழைக்க, விடியும் நேரத்து நாதஸ்வரம்... சரி, கயிற்றுக்கு வருவோம்.

பக்கவாட்டில் கண் மட்டத்தில் துளையிட்டுத் தட்டைக் கயிறு கோத்துப் பின்னால் கட்டுங்கள். உள்ளே நெற்றியில் பஞ்சுத் திண்டு வையுங்கள். தடித்தால் முகம் கவிழும், மெலிந்தால் நிமிரும். போட்டதும் கிட்டத்தட்டக் குருடுதான். அரங்கில் நடிகர்கள் முன்மூலைத் தூணைப் பார்த்தே இடம் அறிகிறார்கள். டோக்கியோவில் இந்தியர் அதிகம் வாழும் நிஷி-கசாய் அடுக்ககங்களில் தூணுக்கு எங்கே போவது? திண்ணையில் நாலு இருந்தது.