கடைசி வரிசையில் நிற்கிறவன்

சர்ச் கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடுகிறவனைத் தனியாக ஒரு பாட்டு பாடச் சொல்லிப் பாருங்கள். டோ, டோ, சோ, டோ (நம்ம ச, ச, ப, ச) என்று பாதாளத்திலிருந்து ஏதோ வரும். அக்கா மகள் ஒருநாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, இதுல ராகம் எங்க?" என்றாள். ராகம் பெண்களின் மேல்குரலான சொப்ரானோவிடம் இருக்கிறது. எங்கள் வேலை அதைத் தாங்குவது.

சம்பளம் தரும் வேலை, பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்காக விடியும்போதே திறந்துவிடுவோம். தூங்கி எழுந்த குரல் அந்த நேரத்தில் கனத்துக் கிடக்கும். ஞாயிறு ஆராதனையில் எட்டாத கீழ்ச் சுரம் அப்போது சும்மா வரும். ரத்தக் குழாய்களை சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றவிட்டால் அதன் ஊளை மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கும். அதை டோ என்று வைத்துக்கொண்டு சோவைப் பிடித்துப் பார்ப்பேன். கூட இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது.

நான் படித்தது டானிக் சோல்ஃபா. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய, பாட்டை எழுத்துகளால் குறித்துப் படிக்கும் முறை. மேல்நாட்டு இசைத்தாளில் வரும் ஐந்து கோடுகள் கிடையாது, சுரத்தின் முதல் எழுத்துகள்தான். நடுவில் வரும் இரட்டைப் புள்ளி தாளத்தைப் பிரிக்கும், சிறு கோடு சுரத்தை நீட்டும். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதுவே டோ. நம்ம ஸட்ஜமும் அப்படித்தானே! சிரமம் வேறு இடத்தில். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை என்றால் எல்லோருக்கும் ஒரே ராகம், குரல் குழைய வேண்டும். அடுத்து மேல்நாட்டு மெட்டில் பாமாலைப் பாட்டு வந்தால் நாலு குரலும் பிரிந்துவிடும், சுரம் அசையாமல் நேராக நிற்க வேண்டும். முந்தைய பாட்டின் கமகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும் அக்காமார் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்குப் பைத்தியம் என்றால் அது ஹேண்டலின் 'அல்லேலூயா கோரஸ்'. 1741இல் 24 நாட்களில் அவர் எழுதி முடித்த 'மெசையா' என்ற பெரிய இசைப்படைப்பில் வருவது. கேட்கிறவர்கள் உச்சத்துக்கு ஏறும் சொப்ரானோவைத்தான் புகழ்வார்கள். ஆனால் "அவர் சதாகாலங்களிலும் ராஜ்யபாரம்பண்ணுவார்" என்ற இடத்தை முதலில் எடுப்பது பேஸ். அப்புறம்தான் டெனர் (ஆண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ, கடைசியாக சொப்ரானோ. அந்தச் சில நொடிகளுக்காக மற்ற வருஷம் முழுக்க டோ, சோ பாடலாம்.

பாட்டை விட்டால் பறவைகள். குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் பைனாகுலரோடு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. குளத்தில் வரித்தலை வாத்துகள். வளர்ந்த மஞ்சள்மூக்கு நாரைக்குக் குரல் என்று பெரிதாக எதுவும் இல்லை, அலகைத் தட்டித்தான் சத்தம் எழுப்பும். எங்கள் கொயரில் சேரத் தகுதி இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கான பயிற்சி தொடங்கிவிட்டது. பேஸுக்கு ஆள் இருக்கிறது, பஞ்சம் டெனருக்குத்தான். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவையுங்கள். சோல்ஃபா நாங்களே சொல்லித் தருகிறோம், டீயும் உண்டு.