ஆமைக்கு எக்ஸ்ரே எடுத்த அனுபவம்

எங்கள் சிவப்புக் காது ஆமை சாப்பிடாததைவிட, தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதந்ததுதான் பயமாக இருந்தது. காரைக்குடியில் கேட்ட இடத்திலெல்லாம் ஆடு, மாடு, நாய் என்றால் கொண்டுவாருங்கள் என்றார்கள். அப்புறம் ஈரத்துண்டு விரித்த கூடையில் வைத்து, புதுக்கோட்டை வழியாக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். "ஓட்டுக்குள்ள இருக்கிறத எப்படிப்பா படம் புடிப்பாக?" என்று ஆயா கேட்டது எனக்கும் இருந்த சந்தேகம்தான்.

டாக்டர் முதலில் பார்த்தது என்ன ஆமை என்பதை. ஊருணி ஆமையும் நட்சத்திர ஆமையும் என்றால் வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் கோளாறு இருக்கலாம், குடலில் காற்று சேர்ந்திருக்கலாம். ஆமைக்கு நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருக்கிறது, குடல் அதற்குக் கீழே. ஆமையைச் சரித்துப் படுக்கவைத்தால் உள்ளே எல்லாம் இடம் மாறிவிடும் என்பதால், அதை நேராக வைத்து எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் ஆமையை உட்காரவைத்ததும் நான்கு கால்களும் அந்தரத்தில் துழாவின, ஆள் நகரவில்லை. மயக்க ஊசியே தேவைப்படவில்லை.

நுரையீரல் சுத்தம். குடலில் வெள்ளை வெள்ளையாகக் கூழாங்கற்கள், அதையொட்டிக் கறுப்பாகக் காற்று. கடைக்காரர் அழகுக்கென்று தொட்டியில் போட்டுக் கொடுத்த கற்கள்! அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஓட்டைத் தாண்டிப் போகாது. பின்னங்கால் இடுக்கில் வைத்துத்தான் பார்த்தார்கள்.

தொண்டிப் பக்கத்துக் கடலாமை என்றாலும் இதே முறைதானாம். தூண்டில் முள் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்; அதோடு போன நரம்பு என்கிற தூண்டில் நூலும், விழுங்கிய பாலித்தீனும் தெரியாது. நரம்பு எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் சுருக்குப்பை வாய்போலச் சுருங்கிவிடும். படத்தில் தெரிகிற மருந்தை உள்ளே செலுத்தி எடுத்தால்தான் பிடிபடும்.

எங்கள் ஆமைக்கும் அந்த மருந்தைக் குழாய் வழியாக வயிற்றில் விட்டார்கள், பாதை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க. இங்கேதான் பொறுமை போய்விடும். நமக்குச் சில மணி நேரத்தில் இறங்குவது ஆமைக்கு நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் மந்தம் என்று தொட்டிக்கு ஹீட்டர் போடச் சொன்னார்கள். நடுவில் எடுத்த படங்களில் மருந்து நகர்ந்திருந்ததால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் டாக்டர். கல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

இப்படிப் போக நேர்ந்தால் தொட்டிக் கல்லில் இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள். எங்களுடையதை ஆமைக்குப் பக்கத்தில் வைத்தே படம் எடுத்து அளவை ஒப்பிட்டார்கள். இப்போது தொட்டியில் அதன் தலையைவிடப் பெரிய கல் மட்டும்தான்.