தேதி தெரியாமல் படித்த இரண்டு வருடங்கள்

2019 ஆகஸ்டில் நீலகிரி மலையில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்போது மஞ்சூர் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில், அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 1-ஆம் தேதி தேர்வு. கரண்ட் இல்லை, ரோட்டில் மண்சரிவு, நோட்டெல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. அந்த முறை தேறவில்லை. மழை மேல் மட்டும் பழி போட மாட்டேன். பயத்தில் பல நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

அதைவிடக் கஷ்டமான காலம் அப்புறம்தான் வந்தது. கொரோனா வந்து 2020, 2021 இரண்டு வருடமும் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை. வயது ஏறிக்கொண்டே போனது. (அரசு வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தியது பிறகுதான்.) அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனேன். "இன்னுமா படிக்கிறே?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வராது. தேதி இருந்தால் எவ்வளவு கஷ்டமானாலும் படித்துவிடலாம். தேதியே இல்லாமல் படிப்பதுதான் மனதை உடைக்கும். இப்போது அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னைக் காப்பாற்றியது அம்மாதான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ராத்திரி சாப்பிட்டதும் என் பழைய தமிழ்ப் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, குறளின் முதல் சீரை எழுத்துக்கூட்டி வாசிப்பார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும். தவறினால் "மறுபடி சொல்லு பாப்பா" என்பார். வினைத்திட்பம் அதிகாரம் முழுவதும் எனக்கு அப்படித்தான் மனப்பாடமானது. மறுநாள் கொழுந்து பறிக்கும்போது வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். ராத்திரி படுத்தால் பயம் வரும், அது கடைசிவரை போகவில்லை. ஆனால் அம்மா கேட்டு நான் சொல்லும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் பயம் வராது. அதனால் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நாளும் விடவில்லை. உங்கள் வீட்டிலும் கேள்வி கேட்க யாராவது ஒருவரை உட்கார வையுங்கள். அவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2019-ல் தமிழ், ஆங்கிலம் இரண்டில் ஒன்றை எடுக்கலாம், நான் பொது ஆங்கிலம் எடுத்து எழுதியவள். தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று தோழி கேட்டாள். அம்மாவால் வாசிக்க முடிந்தது அதுதான். 2021 டிசம்பரில் தமிழைக் கட்டாயமாக்கி அரசாணை வந்தது. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தோழிகள் பதறினார்கள். என்னிடம் இரண்டு வருடத் தமிழ் இருந்தது.

2022 ஜூலை 24 அன்று தேர்வு. முதல் பக்கத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. தெரிந்த ஒரு குறள் கேள்வியைத் தேடி, அதிலிருந்து தொடங்கினேன். அப்புறம் கை நடுக்கம் நின்றது. 200 கேள்வி, 3 மணி நேரம். விடை தெரியாவிட்டால் விடைத்தாளில் அதற்கென்று இருக்கும் ஐந்தாவது வட்டத்தை நிரப்புங்கள், ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான் வந்தது. தேறியிருந்தேன். அந்த எட்டு மாதமும் அடுத்த தேர்வுக்கான கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்பதை அம்மாவும் நிறுத்தவில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2024-இல் ஜூனிலும் 2025-இல் ஜூலையிலும் தேர்வு வந்தது. இரண்டும் மழை மாதங்கள். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் காலை பஸ்ஸை நம்பாதீர்கள். முதல் நாளே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். கறுப்பு பால்பாயின்ட் பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் விரல் விறைத்தால் வட்டம் நிரப்ப நேரம் பிடிக்கும். உள்ளே போகும்வரை கையை ஸ்வெட்டருக்குள்ளேயே வைத்திருங்கள்.