கடை சாத்துற நேரம்

அக்டோபர் 6
துவரம்பருப்பு மூட்டையின் அடியில் மறுபடியும் ஓட்டை. அரிசி மணி அளவில் புழுக்கை. பெருச்சாளி இல்லை, சுண்டெலிதான். "ராத்திரி பூரா ட்யூப்லைட்ட எரியவுடு, ஒண்ணும் வராது" என்கிறார் அப்பா. கரண்ட் பில் அவர் கணக்கு, எலி என் கணக்கு.

அக்டோபர் 7
எண்ணெய் டின்களுக்கு எதிரே பெஞ்சில் படுத்துக் கவனித்தேன். தினமும் பத்து மணிக்கு விளக்கணைத்தால் கால் மணி நேரத்தில் சரசரப்பு கேட்கும். இன்று விளக்கு எரிந்ததால் பதினொன்றரை வரை கப்சிப். அப்புறம் டின்களின் நிழலுக்குள்ளேயே, சுவரை மீசையால் தடவிக்கொண்டு ஒன்று வந்தது. நாலு எட்டு ஓடும், நிற்கும், மூக்கு மட்டும் துடிக்கும். வெளிச்சம் விழுந்த தரையில் கால் வைக்கவே இல்லை. நிழலோடு நிழலாகப் போய் மூட்டையைத் தொட்டுவிட்டது.

அக்டோபர் 8
ட்யூப்லைட் திட்டம் ஒரே ராத்திரியோடு சரி. தூக்கக் கலக்கத்தில் சில்லறை மாற்றிக் கொடுத்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 12
திருவொற்றியூரில் அத்தை பேத்தி கல்யாணம். வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள், நான் வயிற்றுவலி என்று சொல்லி நழுவினேன். நேற்று ராத்திரி போட்ட ஷட்டர் போட்டபடியே. பின்ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டதும் கடைக்குள் பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. இருட்டினால் எலி வரும் என்றால் இப்போது வரவேண்டும்! பன்னிரண்டிலிருந்து ரெண்டு வரை உட்கார்ந்தேன். கொசுதான் வந்தது.

சாயங்காலம் திரும்பவும் போனேன். வெளியே ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிட்டது, அதற்கும் அசைவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு முதல் சரசரப்பு. ஷட்டர் சத்தம் இல்லை, விளக்கணைத்த அடையாளமும் இல்லை. அப்பாவிடம் சொன்னால், "கடை சாத்துற நேரம் அதுக்குத் தெரியாதா? உன்ன மாதிரியா" என்றார்.

விஷயம் அதேதான். கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு திரள் இருக்கிறது. எலியின் கடிகாரம் அதுதான் என்று 1972-ல் கண்டுபிடித்தார்கள். தொடர்ந்து இருட்டிலேயே வைத்தாலும் அது ஓடும், ஆனால் சுண்டெலிக்கு ஒரு சுற்று 24 மணிக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் சில நிமிஷம் முந்திக்கொண்டே போகும். அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்வது வெளிச்சம். எங்கள் கடை எலிகளுக்குச் சூரியன் அல்ல, ட்யூப்லைட்தான் பொழுது. ஏழாம் தேதி பார்த்தது வேறு சங்கதி: கடிகாரம் கிளம்பு என்று சொல்லியும், வெளிச்சம் அப்போதைக்கு அடக்கி வைத்திருந்தது.

அக்டோபர் 14
டார்ச் அடித்து நானே அவற்றின் மணியைக் கெடுக்கிறேனோ? முன்னிரவில் பட்ட வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், விடியலை ஒட்டிப் பட்டால் முன்னுக்கு இழுக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் நம் வயல் சுண்டெலியை வைத்தே இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். எலிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினேன்.

அக்டோபர் 17
மூடி போட்ட தகர டின் ஆறு வந்திறங்கியது. பருப்பெல்லாம் உள்ளே. ராத்திரி பத்தேகாலுக்கு மூடிமேல் கீச் கீச்சென்று நகம் பிறாண்டும் சத்தம். பக்கத்து டின், அதற்கடுத்த டின். அப்பாவும் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.