அந்தோணியாருக்கு ஒரு கூடை செந்தூரா

எங்கள் ஊர் அந்தோணியார் கோவில் கூரை ஒழுகாமல் நிற்கும் நாள்வரை மாம்பழத்தைத் தொடமாட்டேன் என்று அம்மா அவரிடமே பொருத்தனை வைத்துவிட்டார். வேறு ஊராக இருந்தால் இது பெரிய காரியமில்லை. எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் பக்கம். வீட்டு வாசலிலேயே செந்தூரா மாமரம் நிற்கிறது. மே மாதம் பிறந்தால் திண்ணை, அடுப்படி, பரண் எல்லாம் பழ வாசனைதான். ஜூன் வந்தால் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிப் போகும் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் முழங்கை வரை சாறு வழியத் தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, ஒரு கீற்றுகூட வாயில் வைக்காமல் பருவம் பருவமாக இருந்துவிட்டார்.

காரணம் ஒரு ஐப்பசி மழை. செவ்வாய்க்கிழமை நவநாள் பூசை நடந்துகொண்டிருக்கும்போது ஓட்டு இடுக்கிலிருந்து தண்ணீர் நேராக, ஆண்டவரின் உடலாக நாங்கள் வணங்கும் நற்கருணை அப்பம் இருக்கும் பேழை மேல் சொட்ட ஆரம்பித்தது. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஓடிப்போய்க் குடை பிடித்தார். பூசை முடியும்வரை பிடித்தபடியே நின்றார். "ஆண்டவருக்கே குடை பிடிக்கிற நிலைமை ஆயிடுச்சே" என்று அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் இந்தப் பொருத்தனை.

இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட்டில் கட்டிவிடலாம் என்று பங்கு மக்களில் பாதிப் பேர் சொன்னார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் அப்படிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் கல்யாண மண்டபம் போல இருக்கிறது, வேறென்ன சொல்ல. பெரியவர்கள் விடவில்லை. அவர்களுடைய அப்பா, தாத்தா கல் சுமந்து கட்டிய சுவர் அது. கடைசியில் பழைய வேலை தெரிந்த ஒரு மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவர் நல்லாத்தான் இருக்கு, மேல பூசின சிமெண்ட்தான் வினை" என்றார். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். இடையில் எப்போதோ ஒருமுறை பழுது பார்த்தபோது அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆக, முதல் வேலை சிமெண்டைக் கொத்தி எடுப்பது. அப்புறம் சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். மெதுவான வேலை. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. கூரையில் செல்லரித்த கை மரங்களையும் ரீப்பரையும் மாற்றி, உடையாத மங்களூர் ஓடுகளைக் கழுவித் திரும்ப அடுக்கினார்கள். ஓடு கழுவும் வேலை முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒவ்வொரு அன்பியமும், அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவும், முறை வைத்து உட்காரும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் சம்பளத்தில் ஒரு பங்கு அனுப்பினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் கூலியிலிருந்து முடிந்ததைச் சீலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து பங்குச் சாமியார் கையில் கொடுத்தார்கள். மாரியம்மன் கோவில் தெருக்காரர் ஒருவர் மணல் இறக்கத் தன் டிராக்டரை டீசலோடு கொடுத்தார். "அந்தோணியார் எங்களுக்கும்தான் சாமி" என்றார். செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்காதவர்கள்தானே, அவர் சொன்னதில் தப்பில்லை.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். பெரிய தொகை கொடுத்த சிலருக்குக் கல்வெட்டில் பெயர், பெஞ்சு முதுகில் பெயர், மின்விசிறி இறக்கையில்கூடப் பெயர். ஜெபமாலை சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய பெயர் தலைக்குமேல் சுற்றுகிறது. முந்தானைக் காசுக்கு எந்த இறக்கையில் இடம்?

ஆயர் வந்து கோவிலைப் புனிதப்படுத்தும் அர்ச்சிப்பு நாளை ஜூன் மாதத்தில், திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறாகக் குறித்தார்கள். ஜூன் 13 அந்தோணியார் திருநாள். 1231-ல் அவர் இத்தாலியின் பதுவா நகருக்குப் பக்கத்தில் இறந்த நாள் அது. எங்களுக்கு அது செந்தூரா முடிந்து பெங்களூரா ஏறும் சமயமும்கூட. அம்மா அப்போது என்னோடு ஓசூரில் இருந்தார். முந்தின வாரம் ஊருக்குப் போய் வாசல் மரத்தில் தன் கையாலேயே பார்த்துப் பறித்து, வைக்கோலில் பழுக்க வைத்து, ஒரு கூடையை ஓசூருக்கே தூக்கி வந்திருந்தார். ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்றால், "பிள்ளைங்க கையை வெச்சிடும்" என்று பதில்.

அந்தக் கூடையோடு பஸ் பயணம். கிருஷ்ணகிரி வரை பிரச்சினையில்லை. அங்கே ஏறிய பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எங்கள் ஊர் கைகாட்டியில் நிற்கும் என்று சொல்லி ஏற்றிய நடத்துநர், மேம்பாலம் ஏறியதும் "பாலத்து மேல நிக்காது, தாண்டித்தான் இறங்கணும்" என்று மாற்றிவிட்டார். இறக்கிவிட்ட இடத்தில் நிழலுக்கு ஒரு செடி இல்லை. நான் கூடையைக் கேட்டேன், தரவில்லை. சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, முட்டிவலிக்காரர், அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே தார் ரோட்டில் நடந்தார். பின்னால் நடந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஊர் எல்லையிலேயே கூட்டம். வண்டி நிறுத்தக் காசு, செருப்பு விடக் காசு. பத்து ரூபாய் மெழுகுவர்த்தியை இருபதுக்கு விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த அம்மாவிடமே ஒரு பையன் வந்து, "பாட்டி, முன்னாடி சேர் போட்டுத் தர்றேன், அம்பது குடுங்க" என்றான். அம்மா அவன் அப்பா பேரைச் சொல்லி விசாரித்ததும் ஆளைக் காணோம்.

ஆயர் கதவைத் திறந்து உள்ளே போனதும் நெரிசலில் நாங்களும் தள்ளப்பட்டுப் போனோம். அம்மாவுக்கு வருகிற ஆயர் இன்றைக்கும் "சேலம் ஆண்டவர்"தான். தர்மபுரி மறைமாவட்டம் 1997-லேயே சேலத்திலிருந்து பிரிந்துவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும் சரி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிறந்தது சேலம் ஜில்லா, கல்யாணம் ஆனது தர்மபுரி மாவட்டம், 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். எல்லாம் ஒரே வீட்டில் இருந்துகொண்டே.

பீடம் புதிது. நம் மாவட்டத்துக் கல்தான், பளபளப்புக் குறைவாக இழைத்த சாம்பல் நிறக் கிரானைட். அதில் விரிப்பு இல்லை, பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, வெறுங்கல். ஆயர் மேலாடையைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டார். நடுவிலும் நான்கு மூலையிலும் கிறிஸ்மா என்கிற மந்திரித்த வாசனைத் தைலத்தை ஊற்றி, இரண்டு உள்ளங்கையாலும் தேய்க்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. ஓரம், விளிம்பு, மூலை என்று கல் முழுதும் தேய்த்தார். அதுவரை போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களில் பலர் கையை இறக்கிவிட்டார்கள். அம்மா என் காதருகே, "பச்சைப் புள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறாரு பாரு" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. தைல வாசனை எங்கள் இடம்வரை வந்தது. பீடத்தின்மேல் நெருப்புச் சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டதும் புகை எழுந்து, புது ரீப்பர், பழைய ஓடு, எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனது. அன்று குடை பிடித்த உபதேசியார் தூணோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். நானும்தான். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. கேட்க ஒன்றும் தோன்றவில்லை, நன்றி நன்றி என்று அதுதான் வந்துகொண்டிருந்தது. அப்பா இருந்தபோது இதே தரையில்தான் முட்டி போடுவார். எங்கள் எல்லாரையும் தூக்கி வந்து ஞானஸ்நானம் கொடுத்த இடம், இடிபடாமல் நிற்கிறது. அந்தோணியாரே, உமக்கு எப்படி நன்றி சொல்வது! உமது தலையைச் சுற்றி மின்னி மின்னி எரியும் அந்தக் கலர் பல்பு வளையத்தைக்கூட அன்றைக்கு நான் மன்னித்துவிட்டேன்.

பூசை முடிந்ததும், கோவிலுக்குக் காணிக்கையாக வந்த முதல் விளைச்சலை விற்கும் முதற்பலன் ஏலம். கோழி, பூசணி, தேங்காய் எல்லாம் போனபிறகு அம்மாவின் கூடை வந்தது. எங்கள் தோப்பை வழக்கமாகக் குத்தகை எடுக்கும் மண்டிக்கார பாய் வந்திருந்தார். அவரும் பர்கூர்க்காரர் ஒருவரும் மாற்றி மாற்றி ஏற்றி, கடைசியில் பாயே எடுத்தார். மண்டி விலைக்கு அது எத்தனை கூடை என்று கணக்குப் போட வேண்டாம். எடுத்த கையோடு மேல் பழத்தை அம்மாவிடம் நீட்டி, "இந்தாங்கக்கா, இனிமே சாப்பிடுங்க" என்றார்.

அம்மா அங்கேயே, கோவில் வாசப்படியில் உட்கார்ந்து, தோலோடு கடித்துத் தின்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டோம். "ஒரு பக்கம் அடிபட்டிருக்கு, எல்லாம் அந்த பஸ்காரன் பண்ண வேலை" என்றார்.

ஏலக் காசு மணிக்கூண்டு வேலைக்குப் போகிறது. அதன் மேல்நிலை விரிசல் விட்டிருக்கிறது, அதையும் சுண்ணாம்பிலேயே செய்வதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த பொருத்தனை எதை விடுவது என்று அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. பாகற்காயாக இருக்கட்டும் என்று நான் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.