கிளிப் போடும் முன்

இன்று பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி) அறுவையின் திரையில், குழாயை அடைக்கும் கிளிப் கருவி உள்ளே வந்து, போடாமல் நின்றது.

பித்தப்பையின் கீழ்ப்பகுதி இன்னும் கல்லீரலோடு ஒட்டியிருந்தது.

செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் குழு 1995-இல் எழுதியது இதைத்தான்: கிளிப் போடும் முன் மூன்று விஷயங்கள் உறுதியாக வேண்டும். பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்க வேண்டும். பையின் கீழ் மூன்றிலொரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிய வேண்டும். பைக்குள் நுழைபவை குழாய், தமனி என இரண்டே இரண்டு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பையை மேல்நோக்கி மட்டும் இழுத்தால் பித்தப்பைக் குழாயும், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். அனுபவசாலியின் கண்ணும் அங்கேதான் ஏமாறும்!

பையின் கழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் முக்கோணம் விரியும்.

அழற்சி முற்றி எதுவும் தெளியவில்லையா? பையின் அடிப்பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கலாம். அது தோல்வியில்லை, பித்தநாளம் பிழைக்கிறது.

பிரித்து முடித்தபின், இன்று இரண்டு கிளிப்பும் சரியான குழாயில் விழுந்தன.