தேர்வு செய்யாத கேமராவும் திரையில் தெரிந்தது

நான்கு கம்பாசிட் கேமராக்கள் (முழு வீடியோவும் ஒரே கம்பியில் வரும் வகை), ஒரே மானிட்டர். எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று பட்டன் அழுத்தித் தேர்வு செய்ய வேண்டும். வேலை இவ்வளவுதான். ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், மூன்று வாரம் ஆனது.

முதலில் 4066 என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் ஐசியில் செய்து பார்த்தேன். வீடியோவுக்கான 75 ஓம் லைனில் அதன் உள் மின்தடையே நூறு ஓமுக்கு மேல் குறுக்கே நின்றதால் படம் மங்கிப்போனது. முன்னும் பின்னும் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் சர்க்யூட்) போட்டால் சரியாகும்தான். ஆனால் ரிலேயில், அதாவது காயில் இழுத்து இயக்கும் சுவிட்சில், உலோகத்தை உலோகம் தொடுகிறது, மின்தடை 0.1 ஓம்கூட வராது. அதனால் ரிலேக்கு மாறினேன்.

கையில் இருந்தவை மோட்டார் ஓட்டுகிற பவர் ரிலேக்கள். அவற்றைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. நான்கு நாள் கழித்து, சில முறை மாற்றும்போது படம் வெட்டி வெட்டி வந்தது, பெட்டியைத் தட்டினால் சரியானது. அந்த ரிலேக்களின் வெள்ளிக் கான்டாக்டில், அதாவது தொடும் முனையில், மெல்லிய படலம் படியும். பெரிய மின்னோட்டம் ஓடினால் அது எரிந்துபோகும். வீடியோவில் ஓடுவதோ 1 வோல்ட், 75 ஓம், அதாவது அதிகபட்சம் சுமார் 13 மில்லிஆம்பியர். அப்புறம் தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள சின்ன சிக்னல் ரிலேக்கள் வாங்கினேன். அந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

அடுத்ததுதான் என்னை ரொம்பப் படுத்தியது. முதல் கேமராவைப் பார்க்கும்போது, மங்கலான ஒரு செங்குத்துப் பட்டை திரையில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. அது இரண்டாவது கேமராவின் சிங்க், அதாவது ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துடிப்பு. அதன் ரிலே திறந்துதான் (இணைப்பு விட்டுத்தான்) இருக்கிறது, ஆனாலும் சிக்னல் கசிகிறது! என் போர்டில் உள்ளே வரும் தடமும் வெளியே போகும் தடமும் நெடுந்தூரம் ஒட்டியே ஓடின. கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் நடுவே 30 பிக்கோஃபாரட் இருந்தால், 5 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் ஆயிரம் ஓம் சொச்சம். ரிலே இணைப்பைத் துண்டித்துவிட்டதாக நாம் நினைக்கிறோம், சிக்னலுக்கு அது பாதி திறந்த கதவு. போதாததற்கு, தேர்வு செய்யாத கேமராவுக்கு மானிட்டர் தரும் 75 ஓம் சுமையே கிடையாது. சுமை இல்லாத லைனில் 1 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட் நிற்கும், கசிவும் இரட்டிப்பாகும்.

ரிலே ஒவ்வொன்றிலும் இரண்டு செட் கான்டாக்ட் உண்டு. ஒன்றை மட்டும்தான் அதுவரை பயன்படுத்தியிருந்தேன். இப்போது முதல் செட்டின் காமனில் (இரண்டு முனைக்கும் மாறி மாறித் தொடும் பொது முனை) கேமராவைக் கொடுத்தேன். சாதாரணமாக மூடியிருக்கும் முனையிலிருந்து 75 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. திறந்திருக்கும் முனை இரண்டாவது செட்டின் காமனுக்கு. அந்த இரண்டாவது செட்டில் மூடிய முனை நேராக கிரவுண்டுக்கு, திறந்த முனை மானிட்டருக்கு. ரிலே ஓய்வில் இருந்தால் கேமரா தன் 75 ஓமைப் பார்த்துக்கொண்டிருக்கும், முதல் இடைவெளியைத் தாண்டிக் கசிவதும் நடுவிலேயே கிரவுண்டில் இறங்கிவிடும். தடங்களையும் பிரித்து நடுவே கிரவுண்ட் ஓட்டினேன். மானிட்டரைக் கருப்புப் படத்தில் வைத்து, பிரைட்னஸை முழுக்க ஏற்றி, பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். பட்டை இல்லை. அவ்வளவு சந்தோஷம்!

காயிலுக்குக் குறுக்கே டையோடு கட்டாயம் போடுங்கள். ஒரு ரிலேயில் அதைத் தலைகீழாகப் போட்டு, காயிலை ஓட்டும் ஒரு டிரான்சிஸ்டரை இழந்தேன்.

மாற்றும் நொடியில் படம் ஒரு உருளல் உருண்டு நிற்பது மட்டும் இன்னும் இருக்கிறது. படம் உருளாமல் மாற்ற, படமில்லாத இடைவெளியில் மாற்ற வேண்டும். 625 வரி வீடியோ முறையில் இரண்டு ஃபீல்டுக்கு (ஃபீல்டு என்பது படத்தின் பாதி வரிகள்) நடுவே கிடைக்கும் வெற்று நேரம் 25 வரி, சுமார் 1.6 மில்லிசெகண்ட். என் ரிலே இழுக்கவே 3 மில்லிசெகண்ட் ஆகிறது, கான்டாக்ட் துள்ளுவது தனி. கேமராக்களும் ஒன்றோடொன்று சிங்க் ஆகாதவை. கண்காணிப்புக்கு இந்த உருளல் தொந்தரவே இல்லை என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.